அட்டை இல்லாத உறவினர்

மார்லீன் ஃபெர் கோபக்காரி அல்லள். கனடாவின் சஸ்காச்சுவான் சமவெளியில், குரலை உயர்த்துவதையே குற்றமாகக் கருதிய, மெனனைட் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த உழவர் குடும்பத்தில் வளர்ந்தவள். பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து வரும் பேச்சாளரை வரவேற்று, பேசவைத்து, பத்திரமாக வழியனுப்புவதே அவள் பணி. தன் தேவாலயத்தைப் பழித்தவரையும் முகம் கோணாமல் வரவேற்றிருக்கிறாள். யார் பேசினாலும் மறுத்துக் கேட்க இடம் இருக்கவேண்டும். கேட்டவர் அடிபடாமல் வீடு திரும்பவேண்டும். அவள் நெறி அவ்வளவே.

அந்தப் பிப்ரவரியில் அப்பகுதியின் பூர்வகுடியான க்ரீ இனத்தைச் சேர்ந்த வெர்னா வைட்காஃப், ஆற்றைக் கெடுத்த சுரங்கத்தைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டிருந்தார். அவரையும் அவர் கூட்டத்தாரையும் சும்மா விடமாட்டோம் என்று பெயரற்ற மிரட்டல் ஒன்று வந்தது. மார்லீன் பதறவில்லை. போலீசுக்குச் சொன்னாள், பைகளைச் சோதிக்கக் காவலரை அமர்த்தினாள், அவசர வழிகளைச் சரிபார்த்தாள், கூட்டத்தைக் கட்டுக்குள் வைக்கக் கண்டிப்பான பேராசிரியை ஒருவரைத் தலைமை தாங்க அழைத்தாள்.

அவளுடைய மேலதிகாரி கிரெய்க் டன்ஸ்மோருக்கு அது போதவில்லை. அவளை ஒரு வார்த்தை கேளாமல், பல்கலைக்கழக அடையாள அட்டை உள்ளவர்க்கே அனுமதி என்று வாயிலில் உத்தரவிட்டுவிட்டார்.

அவளுக்கு அது தெரியவந்தபோது, வடக்கேயிருந்து பேருந்தில் வந்த வெர்னாவின் உறவினர் வெளியே பனியில் நின்றிருந்தனர். உள்ளே, அங்கே எந்தக் கூட்டமும் தொடங்கும் முறைப்படி, ஒரு மாணவி மேடையேறி, இந்நிலம் க்ரீ மக்களுக்குரியது, இதில் கூடியிருப்பதற்கு நன்றி என்று வாசித்தாள். கைதட்டல் எழுந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அம்மக்களே விறைத்த கால்களை உதறிக்கொண்டிருந்தனர்.

மார்லீனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அரங்கின் ஓரமாக நின்றிருந்த டன்ஸ்மோரிடம் நேரே போனாள்.

"கிரெய்க், மிரட்டல் வந்தது யாருக்கு?"

"பேச்சாளருக்கு."

"அவங்க ஆளுங்களுக்கும்தானே? அவங்களைக் காப்பாத்துறேன்னு அவங்களையே வெளிய தள்ளியிருக்கீங்க! மிரட்டினவன் இங்க படிக்கிறவனா இருந்தா, அட்டையைக் காட்டிட்டு முதல் வரிசையில உக்காந்திருப்பான்."

"மெதுவா பேசுங்க. ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"ஆகிட்டுதானே இருக்கு? எட்டிப் பாருங்க!"

அதற்குள் ஒலிவாங்கியில் வெர்னாவின் குரல் கேட்டது. "எங்க சித்தி வெளிய நிக்கிறாங்க. அவங்க வராம நான் வாயைத் திறக்கமாட்டேன். நன்றி கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது நிறைஞ்சுபோச்சு. உக்கார நாற்காலிதான் கிடைக்கமாட்டேங்குது."

மார்லீன் வாயிலுக்கு விரைந்தாள்.

"எனக்கு உத்தரவு இருக்கே, மார்லீன்," என்றான் காவலன் டேரில்.

"பையை மட்டும் பாரு. மிச்சம் என் தலையில."

கதவு திறந்தது. சித்தி தம் பையைத் தாமே விரித்துக் காட்டினார். "குண்டு இல்லப்பா, ரொட்டி. ஆனா நீங்க நிக்க வச்ச நேரத்துல கல்லாயிடுச்சு. தலையில விழுந்தா ஆள் காலி."

வெர்னா பேசினார். சுரங்கத் தொழிலாளி ஒருவர் எழுந்து, "சுரங்கத்தை மூடினா என் பிள்ளைங்க எதைச் சாப்பிடும்?" என்று சூடாகக் கேட்டார், வெர்னா சூடாகவே விடையளித்தார். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

மறுவாரம் பல்கலைக்கழகச் செய்திமடல், டன்ஸ்மோரின் முன்னெச்சரிக்கையால் நிகழ்ச்சி அமைதியாக நடந்தேறியதென்று பாராட்டியது. மார்லீனையோ அவர் தம் அறைக்கு அழைத்து, விதியை மீறியதற்கு வருத்தம் தெரிவிக்கச் சொன்னார்.

"தெரிவிக்கணும்தான்," என்றாள் அவள், நின்றபடியே. "ஆனா உங்ககிட்ட இல்ல, பனியில நின்னவங்ககிட்ட. அவங்க ஊருக்குப் போகணும். காரை எடுங்க, ரெண்டு பேருமே போய்ச் சொல்லிட்டு வருவோம்."

டன்ஸ்மோர் எழவில்லை. அவள் மேலங்கியை எடுத்துக்கொண்டு தனியே புறப்பட்டாள்.