கடைசிக் காம்பராவில் இன்னொருத்தி

இது கட்டுக்கதை இல்லை. இலங்கையில், நமுனுகுல மலையடித் தேயிலைத் தோட்டத்தில், கூலியாட்களின் வரிசை அறைகளான மேல் லயத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்த சங்கதி. நம்பாதவர்கள் அந்த லயத்துக் கடைசிக் காம்பராவில் ஒரே ஒரு பகல் தனியாக இருந்துவிட்டு என்னிடம் பேச வரட்டும்.

1913, மழைக்காலம். சீரங்காயி பேரன் எடுத்தவள். மாதவிலக்கு நின்று வருஷக்கணக்கான பிறகு, திடீரென்று அவளுக்கு மறுபடியும் உதிரம் போனது.

தீட்டு என்றால் தீட்டுதான், வயசையெல்லாம் யார் பார்த்தார்கள்? விலக்கான பெண்கள் ஒதுங்கும் கடைசிக் காம்பராவுக்கு அவளையும் அனுப்பினார்கள். நாய் நுழையாமல் இருக்க, நாத்தனார் பாக்கியம் வெளியே கொண்டி போட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனாள். லயமே காலியானது.

உள்ளே ஜன்னல் இல்லை. பகலிலும் இருட்டு. மூலையில் ஒருத்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவிடுக்கு வெளிச்சத்தில், அவள் கையில் பச்சை குத்திய தேள்.

துணை கிடைத்ததே என்று சீரங்காயிக்கு நிம்மதி. கீழ் லயத்துக்காரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

“நின்னு போனது திரும்ப வந்திருக்கு. பதுளை ஆசுபத்திரியில காட்டலாமான்னு பாக்குறேன்,” என்றாள்.

“எதுக்கு? எனக்கும் இப்படித்தான். தானா நின்னுரும்.”

நின்றது. பிறகு மறுபடியும் வந்தது. அதே காம்பரா. அதே கொண்டி. மூலையில் அவள்.

“இடுப்பு வலிக்குது.”

“எனக்கும் வலிச்சுச்சு. போயிரும்.”

வெயில்காலம் முழுக்க இப்படியே போனது. பாக்கியம் எப்போதும் ஒருத்திக்குத்தான் ரொட்டி வைத்தாள். பங்கு கொடுத்தால் மூலையிலிருந்தவள் தொடமாட்டாள். சீரங்காயிக்கு அது உறுத்தியது. ஆனாலும் கேட்கவில்லை.

அடுத்த ஐப்பசி. தகரத்தில் மழை. சீரங்காயியின் சீலையில் அழுகல் நாற்றம்... அதே நாற்றம் மூலையிலிருந்தும் வந்தது.

“நான் ஆசுபத்திரிக்குப் போறேன்.”

“போகாத.”

சீரங்காயி கதவைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். மழையில் யாருக்கும் கேட்கவில்லை.

பின்னால் சீலை தரையில் இழுபடும் சத்தம்.

சர்ர்ர்...

நின்றது.

சர்ர்ர்...

“நீ போயிட்டா எனக்குத் துணை ஏது?”

காதோடு காதாக.

மூச்சுக் காற்றே இல்லாமல்.

சாயங்காலம் கொண்டியை நீக்கிய பாக்கியத்தின் மேலேயே சீரங்காயி விழுந்தாள்.

“உள்ள ஒருத்தி...”

“யாரு மதினி? எப்பவும் நீங்க மட்டுந்தானே இருக்கீங்க.”

மறுநாள் புருஷன் மாரிசாமி அவளை வண்டியில் பதுளைக்குக் கொண்டு போனான். டாக்டர் சோதித்துவிட்டு அவனைத் தனியாகக் கூப்பிட்டார். திரைக்குப் பின்னாலிருந்த சீரங்காயிக்கு எல்லாம் கேட்டது.

“கர்ப்பப்பை வாயில புத்து. மொதல்ல உதிரம் போனப்பவே வந்திருந்தா வெட்டி எடுத்துப் பாத்திருக்கலாம். இப்ப சுத்திலும் பிடிச்சிருச்சு. தை தாண்டுறது கஷ்டம்.”

லயத்துக்குத் திரும்பியதும் சீரங்காயி தேள் பச்சையைப் பற்றிச் சொன்னாள். கங்காணியின் பெண்சாதிக்கு முகம் வெளுத்துவிட்டது.

“அங்கம்மா. நீங்கள்லாம் கப்பலேறி வர்றதுக்கு முன்னாடி இருந்தவ. இதே சீக்கு. தீட்டுன்னு ஒதுக்கி வச்சாங்க. அந்தக் காம்பராவுக்குள்ளயே செத்தா.”

“என்னை மட்டும் அங்க வைக்காதீங்க,” என்று சீரங்காயி எல்லோர் காலையும் பிடித்தாள். மார்கழியில் நாற்றம் தாங்க முடியாமல் போனது. அங்கேதான் வைத்தார்கள். பாவிகள், கொண்டியும் போட்டார்கள். அவள் தை பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்துப் பூவம்மா என்பவளுக்கு, அவளும் நின்று போனவள்தான், மறுபடியும் உதிரம் போனது. அவள் புது ஆள். பழைய கதை எதுவும் தெரியாது. சாயங்காலம் வெளியே வந்தவள் பாக்கியத்திடம் சொன்னாள்:

“உள்ள ரெண்டு அக்கா இருக்காங்க. ஒருத்தி, ஆசுபத்திரி வேணாம், தானா நின்னுரும்ங்குறா. இன்னொருத்தி ஒண்ணும் பேசமாட்டா. கதவைத்தான் தட்டிக்கிட்டே இருக்கா.”