போல்ட்டைச் சுற்றிய சாம்பல் நிறப் பசை

2025 ஆகஸ்ட் 5, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்குச் செங்கல்பட்டு ஷோரூமின் சர்வீஸ் பிரிவில், ரூத்தின் மூன்று மாத மோட்டார் சைக்கிளுக்கான ஜாப் கார்டில் ஒரு பொய் எழுதப்பட்டது. “அடிப்பாகத்தில் கல் மோதியதால் ஆயில் கசிவு. வாரண்டியில் சேராது.” எழுதியவர் சர்வீஸ் மேற்பார்வையாளர் தீனதயாளன். எந்த இடத்தில் கல் மோதியது என்பதை அவர் எழுதவுமில்லை, காட்டவுமில்லை. அந்த வரி நின்றால் ஐந்து வருட வாரண்டி அன்றோடு முடிந்தது.

சதுரங்கப்பட்டினத்தில் வசிக்கும் ரூத்துக்கு வயது முப்பத்தாறு. விடிந்ததும் வீடு வீடாகப் போய் ரத்த மாதிரி எடுத்து, பத்து மணிக்குள் மாமல்லபுரத்து லேபில் சேர்ப்பது அவள் வேலை. பெயரும் நேரமும் தன் கையெழுத்தும் இல்லாத குழாய் அவள் பையில் ஏறாது. வண்டிக்கும் அதே ஒழுங்குதான். மே 12-இல் வண்டி எடுத்த ரசீது முதல் ஜூன் 14-இல் முடிந்த முதல் இலவச சர்வீஸின் கார்டு வரை எல்லாம் ஒரு நீலக் கோப்பில் இருந்தன. அவளுடைய அப்பா தாவீது ஆயுள் முழுக்கப் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர். அதற்குச் சான்றாக ஒரு துண்டுச் சீட்டுகூட அவர் கையில் இருந்ததில்லை. ரூத் எந்தச் சீட்டையும் எறிந்ததில்லை.

ஜூலை முதல் வாரத்தில் புதுப்பட்டினம் திருப்பத்தில் பின்சக்கரம் வழுக்கியது. இறங்கிப் பார்த்தால் டயரின் ஓரமெல்லாம் ஆயில். 8-ஆம் தேதி வண்டியைக் கொண்டுபோனபோது தீனதயாளன் துணியால் துடைத்துவிட்டுச் சிரித்தார்.

“கடலோரத்து ஆளுங்கன்னாலே இதான்க்கா. உப்புக் காத்துக்குப் பயந்து நீங்களே பழைய ஆயிலைத் தடவிக்கினு, அப்பால லீக்குன்னு வர்றீங்க.”

அதில் பாதி உண்மை இருந்தது. படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் அவள் கணவன் ஜோயல், துருப்பிடிக்காமலிருக்க அந்த ஊர் வழக்கப்படி மே மாதமே வண்டியின் அடியில் கழிவு ஆயிலைப் பூசியிருந்தான். ரூத் அதை மறைக்கவில்லை. ஆனால் பூசிய ஆயில் காய வேண்டும். இது நாளுக்கு நாள் பெருகியது. மறுபடி போனபோது கிடைத்ததுதான் அந்தக் கல் கதை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் ரூத் மண்ணெண்ணெயையும் சோப்புத் தண்ணீரையும் எடுத்து வைத்தாள்.

“இனிமே இதுல ஒரு சொட்டு ஆயில் தடவுன, உனக்குச் சோறு கெடையாது.”

“துருப் புடிச்சா எங்கிட்ட அழுதுகினு வராத,” என்றான் ஜோயல்.

“துருவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். பொய்க்கு அவன் சொல்லட்டும்.”

எஞ்சினைப் பளிச்சென்று கழுவி, வெயிலில் உலரவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை மேலும் கீழும் தூவினாள். ஆயில் கசியும் இடத்தில் பவுடர் நனைந்து காட்டிக்கொடுக்கும்; செல்போன் வீடியோக்களைப் பார்த்து நோட்டில் எழுதிவைத்திருந்த முறை அது. எஞ்சினின் தலைப்பாகத்தில்தான் கசியும் என்று முதலில் நினைத்திருந்தாள். மாமல்லபுரம் வரை ஓட்டித் திரும்பியபோது மேலே பவுடர் நனையாமல் மாவாகவே இருந்தது. “என் கணிப்பு தவறு” என்று நேரத்தோடு எழுதிக்கொண்டாள். பிறகு கைக்கண்ணாடியை அடியில் நீட்டினாள்.

ஆயில் வடிக்கும் போல்ட்டிலிருந்து ஈரக்கோடு ஒன்று கிளம்பிப் பின்சக்கரத்தை நோக்கி ஓடியிருந்தது. கல் பட்ட கீறல் எங்குமே இல்லை. போல்ட்டைச் சுற்றி, அது இறங்கும் எஞ்சின் அடிப்பாகத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அதன்மேல் அப்பியிருந்தது சாம்பல் நிறப் பசை. அந்த போல்ட் திறக்கப்பட்டது ஒரே ஒரு முறைதான், ஜூன் 14-இல் சர்வீஸில் ஆயில் மாற்றியபோது, அவர்கள் கையால். அளவுக்கு மீறி முறுக்கி, வெடித்ததும் பசை வைத்து மூடியிருக்கிறார்கள். வேறு எந்த விளக்கமும் அவள் நோட்டில் பொருந்தவில்லை.

மறுநாள் ஷோரூமில் தீனதயாளன் வாசலிலேயே ஆரம்பித்தார்.

“இன்னாக்கா, வண்டிக்குப் பவுடர்லாம் போட்டு இட்டாந்துகீற? பொண்ணு பாக்க வராங்களா?”

“ஆமா தம்பி, மாப்ள நீதான். குனிஞ்சி மொகத்தப் பாத்துக்க,” என்று கண்ணாடியை நீட்டினாள் ரூத்.

பக்கத்தில் நின்ற மெக்கானிக் முத்துசாமி குனிந்து, பசையை நகத்தால் சுரண்டினான். “அண்ணாத்த, இது நம்ம டியூப்புப் பசையாச்சே!”

“நீ போய் உன் வேலையப் பாரு!” என்று சீறிய தீனதயாளன், ரூத்திடம் குரலைத் தணித்தார். “சரிக்கா, பேஜாரு வேணாம். ஃப்ரீயா நல்லா ஒட்டித் தரேன். முழுத் திருப்தின்னு இங்க ஒரு கையெழுத்துப் போடு.”

“ஒட்டினா வெடிப்பு மறையும். நீ எழுதின வரி?”

“அது கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சிக்கா, எடுக்க முடியாது.”

“ஏத்தத் தெரிஞ்சவனுக்கு எறக்கத் தெரியாதா? பேனாவ உள்ள வையி.”

கையெழுத்திடாமல் வண்டியோடு வீடு திரும்பினாள். மறுநாள் முதல் வண்டி தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. அவள் மாதிரிப் பையோடு பேருந்தில் போய்வந்தாள். ஷோரூமிலிருந்து திரும்பிய இரவே எழுதி, அதன் மேலாளர் கோதண்டராமனுக்குப் பதிவுத் தபாலில் அவள் அனுப்பிய கடிதம், கணவன் பூசிய கழிவு ஆயிலை முதல் பத்தியிலேயே ஒப்புக்கொண்டது. பதினொரு புகைப்படங்களும் மூன்று ஜாப் கார்டு நகல்களும் இணைக்கப்பட்டிருந்தன. கடைசிப் பத்தி இது:

“கல் மோதியது என்ற பதிவை நீக்க வேண்டும். வெடித்த பாகத்தை ஒட்டாமல் மாற்றித் தர வேண்டும். அந்தப் பசையை வைத்தது யார், எந்தத் தேதியில் என்பதைப் பதினைந்து நாட்களுக்குள், கையெழுத்தும் முத்திரையும் இட்டு, எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தொலைபேசியில் சொல்லப்படும் எதையும் பதிலாக ஏற்கமாட்டேன்.”