ஞாயிறு மதியம் நான் இல்லை

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் கைப்பேசியை அணைத்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிடுவேன். பொழுது சாயும்வரை எடுக்க மாட்டேன். தோட்டத்து மேனேஜர் துரையே கூப்பிட்டாலும் சரிதான். அந்த நேரத்தில் நான் கம்பளி பின்னிக்கொண்டிருப்பேன். ஆமாம், கம்பளிதான். இரண்டு ஊசி, ஒரு நூல் உருண்டை, ஒரு தொந்தி. சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இலை ஏற்றும் லோரிகளுக்கு நான் பொறுப்பு. எந்த மலைக்கு எந்த லோரி போக வேண்டும், எது எப்போது தொழிற்சாலைக்குத் திரும்ப வேண்டும் என்று பார்ப்பது வேலை. அதில் எனக்கு ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. பிறகு துரை ஒரு வாட்சாப் குழு ஆரம்பித்தார். ‘டிங்’ என்று சத்தம் வந்தால் உடனே பதில் போட வேண்டும்.

அன்றிலிருந்து என் உயிர் அந்த ‘டிங்’கில் தொங்க ஆரம்பித்தது. டிங் என்றால் லோரி பள்ளத்தில் விழுந்துவிட்டது. டிங் டிங் என்றால் இரண்டு லோரி. மனதுக்குள் கிரேன் வரவழைத்து, டிரைவர் வீட்டுக்கு ஆள் அனுப்பி, போலீசுக்கு வாக்குமூலமும் கொடுத்து முடித்த பிறகுதான் கைப்பேசியைப் பார்ப்பேன். ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் வந்திருக்கும். ஒருமுறை குளித்துக்கொண்டிருந்தவன் சோப்பு நுரையும் துண்டுமாக ஓடிவந்தேன். ரிங்லெட் ஊரில் டுரியான் பழம் மலிவாம்.

தலை சுற்றல் வந்து கிளினிக்குக்குப் போனேன். மலாய்க்கார டாக்டரம்மா பிரஷர் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டைப்பையில் டிங் என்றது. கருவியில் எண் ஏறியதை இருவரும் சேர்ந்து பார்த்தோம்.

“பாக்சிக், ஹோபி அடா?” என்றார். பெரியவரே, பொழுதுபோக்கு ஏதாவது உண்டா என்கிறார்.

“அடா, டாக்டர். ரிசாவ்,” என்றேன். இருக்கிறது, கவலைப்படுவது.

அவர் சிரிக்கவில்லை. மாத்திரை எழுதினார். கையால் செய்கிற வேலை ஏதாவது பழகுங்கள், அந்த நேரத்தில் இதை மூடி வையுங்கள் என்றார்.

என் மனைவி குளிர்த்தொப்பி பின்னி கியா பார்ம் சந்தையில் ஒரு கடைக்குக் கொடுப்பவள். ஊசியும் நூலும் வீடெல்லாம் கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எனக்கும் சொல்லிக் கொடு என்றேன்.

“ஏங்க, பிரஷருக்குக் கொடுத்த மாத்திரைய ஒழுங்கா முழுங்குறீங்களா?” என்றாள்.

முழுங்கிக்கொண்டே பழகினேன். தொப்பியெல்லாம் எனக்கு வராது. நேராக, நீளமாக ஒரு துண்டு பின்னுவேன். ஒரு பக்கம் கண்ணி கூடும், ஒரு பக்கம் குறையும். மேலிருந்து பார்த்தால் எங்கள் தோட்டத்து ரோடு மாதிரி வளைந்து போகும். கழுத்தில் போடலாமா, காலைத் துடைக்கலாமா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். இரண்டு கையிலும் ஊசி இருக்கும்போது திரையைத் தடவ விரல் மிச்சமில்லை. கண்ணியை விட்டுவிடக் கூடாது என்ற ஒரே ஒரு கவலை, மற்ற எல்லாக் கவலையையும் வெளியே தள்ளிவிடுகிறது.

பக்கத்து வீட்டுக்காரன் இலை வெட்டும் மிஷின் பிடிப்பவன், கோயில் ஸ்டோர் சாவியும் அவனிடம்தான். அவனுக்கு இது தாங்கவில்லை. “மச்சான், வீடியோ எடுத்து டிக்டாக்ல போடு லா. மீச வெச்சவன் கம்பளி பின்றான்னு உலகமே பாக்கும்.”

“உலகம் பாக்கக் கூடாதுன்னுதானே மச்சான் பின்றேன்,” என்றேன். எதற்கும் உதவாத ஒரு காரியத்தை யாருக்கும் காட்டாமல் செய்ய இந்தக் காலத்தில் எவ்வளவு தைரியம் வேண்டியிருக்கிறது!

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த ஞாயிறு வந்தது.

மனைவி கம்போங் ராஜாவில் ஒரு சடங்குக்குப் போயிருந்தாள். நான் முன்கதவைத் தாழிட்டுவிட்டு, பின்கட்டில் அடுப்பு ஓரம் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தேன். நல்ல மழை. தகரக் கூரையில் அடிக்கிற அடியில் இடி விழுந்தால்கூடக் கேட்காது. கதவைத் தட்டினால் எங்கே கேட்கப் போகிறது?

மழை விட்டதும் முன்பக்கம் இரும்புக் குழாய் மோதும் சத்தம் கேட்டது. பின்வாசலில் இறங்கி, சந்தோரம் நின்று எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் முன்னால் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோயில் ஸ்டோரிலிருந்து நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இந்த நாற்காலியும் கூடாரமும் சொல்லாமல் கொள்ளாமல் வந்தால் ஒரே அர்த்தம்தான். பக்கத்து வீட்டுக்காரனின் அம்மா ரொம்ப நாளாகப் படுக்கை. போய்விட்டார்கள்.

சாவு வீட்டில் யார், எப்போது, எப்படி என்று எங்கள் ஆட்கள் கேட்க மாட்டார்கள். முதலில் கை கொடுக்க வேண்டும், கேள்வியெல்லாம் பிறகு. துண்டைத் தோளில் போட்டேன். சந்து வழியாகச் சுற்றி வந்து, யாரும் பிடிக்காமல் ஆடிக்கொண்டிருந்த ஒரு கூடாரக் காலைப் பிடித்தேன். மற்றவர்கள் தலை தார்ப்பாய்க்குள் இருந்தது.

“சாச்சுப் புடிங்கடா, தண்ணி நிக்கும்,” என்றேன். சாய்த்தார்கள்.

“எப்ப போச்சாம்?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“தெரியல மாமா. கதவே தொறக்கலயாம்,” என்றது தார்ப்பாய்.

“நல்ல ஜீவன். யாருக்கும் ஒரு கெடுதல் நெனச்சதில்ல.”

“ம்ம்… கொஞ்சம் வாய்தான் ஜாஸ்தி,” என்றது தார்ப்பாய்.

அந்த அம்மாவுக்கா வாய் ஜாஸ்தி என்று நான் யோசிப்பதற்குள், பக்கத்து வீட்டுக்காரன் கடப்பாரையோடு என் வீட்டுக் கதவை நோக்கி ஓடிவந்தான். என்னைப் பார்த்தான். கடப்பாரை கீழே விழுந்தது.

“மச்சான்… நீ என்ன பண்ற இங்க?”

“கூடாரம் புடிக்கிறேன். அம்மா எப்படா…?”

“எங்கம்மா உள்ள டிவி பாக்குறாங்க. போனது நீ!”

நான் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். கிளினிக்கில் ஓடியதைவிட வேகமாகவே ஓடிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். மனைவி கூப்பிட்டிருக்கிறாள், நான் எடுக்கவில்லை. அவள் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டிருக்கிறாள். அவன் தட்டியிருக்கிறான். மோட்டார் சைக்கிள் வெளியே, செருப்பு வாசலில், கதவு உள்தாழ்ப்பாள், போன் செத்துக் கிடக்கிறது, ஆளுக்கோ பிரஷர். வேறென்ன வேண்டும்?

“கதவ ஒடச்சுப் பாத்துட்டு நாற்காலி எடுக்கக் கூடாதாடா?”

“எடுத்து வெச்சா என்ன மச்சான் நஷ்டம்? நீ இருந்தா திரும்பக் கொண்டுபோய் வெச்சிடப்போறோம்.”

மனைவி கம்போங் ராஜாவிலிருந்து யாரோ ஒருவருடைய காய்கறி வேனில் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்து இறங்கினாள். நான் நிற்பதைப் பார்த்ததும் சடங்கு வீட்டுப் பலகாரப் பையாலேயே என்னை அடித்தாள். லட்டு நாலாபக்கமும் உருண்டது. பிறகு எனக்காகப் போட்டிருந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து மறுபடியும் அழுதாள். நான் குனிந்து லட்டுகளைப் பொறுக்கினேன்.

“இனிமே அந்தப் போன மூடக் கூடாது. சொல்லிட்டேன்,” என்றாள்.

சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். என் ஞாயிறு மதியம் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவளே அரிசி டின்னைத் திறந்து, கைப்பேசியை எடுத்து, உயிர் கொடுத்தாள். டிங் டிங் டிங் என்று கொட்டியது. குழுவில் என் மரணச் செய்தி எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. குத்துவிளக்குப் படங்கள், கும்பிடும் கைகள், ஆழ்ந்த இரங்கல்கள். கடைசியாகத் துரை ஒரு வரி போட்டிருந்தார்: ‘நாளைக்குக் காலையில் லோரியை யார் பார்ப்பது?’

மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். அணைத்து, அரிசிக்குள் முன்பைவிட ஆழமாகப் புதைத்து, மூடியை அழுத்தினாள். பிறகு பின்வாசல் சாவியில் ஒன்றைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் கொடுத்தாள். “அடுத்த தடவ மொதல்ல பின்னால வந்து பாருங்க. அப்புறமா நாற்காலி எடுங்க.”

மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்கள் வேலைக்குக் கூடி நிற்கும் இடத்தில், எல்லோர் முன்னாலும் துரை கேட்டார். “ஞாயிற்றுக்கிழமையும் போன் திறந்திருக்க வேண்டும். புரிகிறதா?”

தலை ‘சரி’ என்று ஆடப் பார்த்தது. வாய் மட்டும் எப்படியோ என் பக்கம் நின்றது. “ஞாயிறு லீவு, துரை. லோரிக்கும் லீவு. மலையே சரிஞ்சா வீட்டுக்கு ஆள் அனுப்புங்க, நடந்து வர தூரம்தான். செத்தாலும் திங்கக்கிழம பெரட்டுலதான் சொல்லுவேன்.”

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். துரை அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சாயங்காலம் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் வியர்த்தேன். வேலை போய்விட்டது, வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், வயசான காலத்தில் எந்தத் தோட்டத்தில் போய் நிற்பது என்றெல்லாம் ஓடியது. செவ்வாய்க்கிழமை லோரிகள் வந்தன, போயின. வேலையும் இருந்தது, வீடும் இருந்தது.

அடுத்த ஞாயிறு. நான் பின்கட்டில் என் கோணல் துண்டோடு, எதிரே அவள் தொப்பியோடு. அவளுடைய கைப்பேசி அடித்தது. எட்டிப் பார்த்தேன், துரை. எடுத்து என்னிடம் நீட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஊசியைக் கீழே வைக்காமல், தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு பேசினாள்.

“இருக்காரு, துரை. உயிரோடதான் இருக்காரு. கையில வேல இருக்கு. நாளைக்குக் காலையில பேசுவாரு.”

வைத்துவிட்டாள். எனக்கு நெஞ்சு லோரி மாதிரி இரைந்தது, இரண்டு கண்ணி நழுவிவிட்டது. ஆனால் தலையை நிமிர்த்தவில்லை.