சலாம் போடும் சமையக்காரன்

பரோட்டாக் கல்லில் எண்ணெய் பொரியும் வாடையும், நாள் முழுக்க எரிந்து சூடேறிய டிவி பெட்டியின் கருகல் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் விரல் பரபரக்கும். கோரிப்பாளையத்தில் ஒரு பரோட்டாக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே, எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் வெளியே போய் நிற்க வேண்டிய அளவுக்கு ஒடுங்கிய அறையில், காதர் பாய் நடத்திய ‘வீடியோ கேம் கடை’யின் வாடை அது. இருந்த மூன்று பெட்டிகளில் ஒன்றில் கார் ஓட்டலாம், ஒன்றில் விமானம் சுடலாம். அவற்றை யாரும் சீண்டமாட்டார்கள். கூட்டமெல்லாம் மூலையில் நின்ற சண்டைப் பெட்டிக்குத்தான்.

அதில் ஓடிய எழுத்து எங்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாத ஜப்பான் எழுத்து என்பதால், ஆட்களுக்குப் பெயர் வைத்தது நாங்கள்தான். கரண்டியால் அடிக்கும் குண்டன் ‘சமையக்காரன்’, குடையை விரித்துப் பறந்துவந்து குத்தும் கிழவி ‘குடையாத்தா’, பீப்பாய்க்குள் உட்கார்ந்து உருண்டுவருகிறவன் ‘டிரம்மு’. உலகத்தைக் காப்பாற்றப் பிறந்த வீரன் ஒருத்தன்கூடக் கிடையாது. எங்கள் தெருக் குழாயடியில் குடத்துக்குச் சண்டை போடுகிறவர்களைப் போலவே இருந்தார்கள், அதனால்தான் அப்படி ஒட்டிக்கொண்டோம் என்று நினைக்கிறேன்.

ஓரத்தில் ஒரு மஞ்சள் பட்டன் இருந்தது. அதை அமுக்கினால் ஆள் சண்டையை நிறுத்திவிட்டு, லேசாகக் குனிந்து, கையை நெற்றிக்குக் கொண்டுபோவான். மங்கிப்போன அந்தத் திரையில் அம்புட்டுதான் தெரியும். எங்களுக்கு அது ‘சலாம்’. சலாம் போடுகிறவனை அடிக்கக்கூடாது என்பது கடையின் சட்டம். “சலாம் சொல்றவன்மேல கை நீட்டுறது மனுசன் செய்ற வேலையா?” என்பார் காதர் பாய், சொல்லிக்கொண்டே மீறினவனின் பிடரியைப் பிடித்துத் தெருவில் விடுவார்.

அந்தக் கடைக்குள் நுழைந்த ஒரே பெண்பிள்ளை நான், வயது பதினொன்று. “ஒனக்கு ரெண்டு காலும் ஒரு எடத்துல நிக்காதாடி?” என்று அம்மா திட்டுவாள். நிற்காதுதான். டியூசனுக்கு அரைமணி நேரம் முன்னதாகவே கிளம்பி இங்கே வந்துவிடுவேன். என்னை முதலில் கூட்டிவந்தது எதிர்வீட்டு ரபீக், என் வகுப்புப் பையன்தான். மற்றப் பையன்களுக்கு நான் ‘டியூசன் பாப்பா’. “பாப்பா ஆடட்டும் மாப்ள, ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிரும்” என்று அவர்கள் ஒதுங்கி வழிவிடும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பெயரை அழிக்க ஒரே வழி, அந்தக் கோடை முழுக்க யாரிடமும் தோற்காத ரபீக்கை ஒருமுறையாவது ஜெயிப்பதுதான்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ரபீக்கின் அத்தா மேலூரில் துணிக்கடை போட, குடும்பமே கிளம்புவதாக ஆயிற்று. “தோக்காமலே போயிரணும், எனக்கு அது ஒண்ணுதான் ஆசை. மேலூர்ப் பயலுககிட்ட சொல்லணும்ல” என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். கடைசி நாள் சாயங்காலம் வரிசையில் கடைசியாக நின்றது நான். “வா, ஒங்கூட ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போறேன்” என்றான்.

முதல் சுற்று அவனுக்கு, இரண்டாவது எனக்கு. வேடிக்கை பார்த்தவர்கள் பெட்டியை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மூன்றாவதில் இரண்டு பேருக்குமே திரையின் மேலே உயிர்க்கோடு நூலளவுதான் மிச்சம். என் குடையாத்தா மூலையில் மாட்டிக்கொண்டாள், ரபீக்கின் சமையக்காரனுக்கு இன்னும் ஒரே ஒரு கரண்டியடி போதும். அடிக்காமல், சமையக்காரன் குனிந்து நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனான். என் விரல் தானாக அடி பட்டனை அமுக்கிவிட்டது என்று பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், பொய். பார்த்தேன், தெரிந்தேதான் அமுக்கினேன். குடை போய் இறங்கியது, குண்டன் மல்லாந்தான்.

காதர் பாய் என் பிடரியைப் பிடித்திருந்தால்கூடத் தேவலை. “நீ வீட்டுக்குப் போம்மா” என்றார், அவ்வளவுதான். ரபீக் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், “கடைசி சலாம்னு ஒனக்குத்தான் போட்டேன்” என்றான். மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றும்போது நான் ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். அதற்கப்புறம் என்னை யாரும் பாப்பா என்று கூப்பிடவில்லை, ஏனென்றால் நான் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை.

போன மாதம் என் மகன், கரண்டி, குடை என்று நான் எப்போதோ சொன்னதை வைத்து, அதே ஆட்டத்தைச் செல்போனில் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தான். படம் பளிச்சென்று இருந்தது. சலாம் கதையைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தான். “அம்மா, நல்லாப் பாரு. கண்ணுக்கு மேல கைய வச்சுக் குனிஞ்சு தேடுறான். எதிர்ல ஆளையே காணோமேன்னு நக்கல் பண்றான். இந்த நேரத்துல தாராளமா அடிக்கலாம்.”

இத்தனை வருடம் சுமந்தது அந்த நொடியில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. ஆட்டம் செய்தவனுக்கு அது நக்கலாக இருக்கட்டும், ரபீக் போட்டது சலாம், நான் அடித்ததும் சலாமைத்தான். காதர் பாய் காலமாகிவிட்டார். கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள், சைக்கிள் கடை போய்விட்டது, பரோட்டாக் கடை மட்டும் மிச்சம். மேலூர் வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் துணிக்கடைப் பலகைகளை எட்டி எட்டிப் பார்க்கிறேன், ஒருநாளும் இறங்கியதில்லை.

“வா, ஒரு ஆட்டம்” என்று மகன் கூப்பிட்டான். நான் குடையாத்தா, அவன் சமையக்காரன். இரண்டு பேருக்குமே உயிர் நூலளவு இருக்கையில், வேண்டுமென்றே என்னைச் சீண்ட அந்தப் பட்டனை அமுக்கினான். குண்டன் குனிந்தான். “அடிம்மா, இப்பத்தான் அடிக்கணும்” என்று அவனே அவசரப்படுத்தினான். குண்டன் நிமிர்கிற வரைக்கும் நான் விரலைத் தூக்கியே வைத்திருந்தேன். நிமிர்ந்தான், கரண்டியால் ஒரே அடி, நான் தோற்றேன்.