விசிலம்மாவின் ஒற்றை நட்சத்திரம்

"மூஞ்சியப் பாரு, மூஞ்சிய! விடிஞ்சதுலேர்ந்து உருளைக்கிழங்கு தோண்டுறாளாம். நெத்தியில ஒரு சொட்டு வேர்வை உண்டா? எழுதிக்கோம்மா. சம்பளத்த அந்த மண்வெட்டிக்குக் குடுங்க, அது ஒண்ணுதான் நடிக்குதுன்னு போடு."

விசிலம்மா சொல்லச் சொல்ல மருமகள் கைப்பேசியில் தட்டிக்கொள்கிறாள். தொலைக்காட்சித் தொடரில் போர்க்காலம். ஆண்கள் துப்பாக்கி தூக்கிப் போய்விட, பட்டணத்துப் பெண்கள் பண்ணை வேலைக்கு வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பார்வையாளர்கள் சேனலின் பக்கத்தில் கருத்துச் சொல்லி நட்சத்திரம் போடலாம். விசிலம்மா ஒன்றுக்கு மேல் போட்டதில்லை. பூஜ்யம் போட வழி வைக்காதது அவருக்குத் தீராத குறை.

பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். "பொம்பளை விசில் அடிச்சா வண்டி நகருமா?" என்று முதல் நாள் நக்கல் அடித்த ஓட்டுநரை, விசிலே அடிக்காமல் பணிமனை வாசலில் காயப்போட்டவர். ஓடும் வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் நின்று சீட்டுக் கிழித்த கால்கள் அவை. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி, இப்போது உயரம் கூட்டிய நாற்காலியில் இருக்கிறார். எதிரே வாக்கர், நான்கு கால்களிலும் ரப்பர் குல்லா போட்டுக்கொண்டு தயாராக நிற்கிறது. அவர் அதில் துண்டு காயப்போடுகிறார்.

எலும்பு கூடிவிட்டது. இனியும் எழுந்து நிற்காமல் இருந்தால் தசை வற்றிவிடும், அப்புறம் நினைத்தாலும் நிற்க முடியாது என்று பயிற்சி கொடுக்க வருகிற பிசியோ படித்துப் படித்துச் சொல்லிவிட்டார்.

"நாளைக்குப் பாக்கலாம் தம்பி."

"நேத்தும் இதையேதாம்மா சொன்னீங்க."

"இன்னைக்கும் அதேதான் சொல்றேன். பேச்சு மாறுற ஆளு நான் இல்ல."

வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். பயமாக இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் வீடு ரெண்டுபட்டுவிடும்.

மாடு கன்று, ஏர் கலப்பை பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதனால் வாயை மூடிக்கொள்ளும் வழக்கமும் கிடையாது. "இத்தனை பொம்பளைங்க நாள் பூரா வயல்ல நிக்கிறாங்க. ஒருத்தியாவது ஒதுங்க எடம் தேடுனாளா? டிரிப்புக்கு நடுவுல அடக்கிக்கிட்டு நின்னவளக் கேளுங்கடா. நான் சொல்றேன் கதை!" அதுவும் அப்படியே சேனல் பக்கத்தில் ஏறியது. மற்றவர்களோ 'கண்ணீர் வந்துவிட்டது', 'என்ன தியாகம்' என்று உருகுகிறார்கள். "வெங்காயம் நறுக்கினா இன்னும் நல்லா வரும்" என்பது அவர்களுக்கு விசிலம்மாவின் பதில். அவர்களில் 'தக்காளித் தோட்டம்' என்ற பெயரில் எழுதும் ஒருத்தி எப்போதும் ஐந்து நட்சத்திரம் போடுவாள். விசிலம்மாவோடு மல்லுக்கு நிற்பதும் அவள்தான்.

அன்றைய பகுதியில் கதாநாயகி வைக்கோல் வண்டி மேலிருந்து தலைகுப்புற விழுந்தாள். மறுநொடியே எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். ஒரு முடி கலையவில்லை.

விசிலம்மா கொதித்துப் போனார். "விழுந்தவ எவளாச்சும் இப்படி எந்திரிப்பாளா? தரை எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்னு ஒரு எழவும் புரியாது! போடு, பச்சைப் பொய்யின்னு போடு."

போட்ட சூட்டோடு பதில் வந்தது. மருமகள் அதைப் படித்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்தாள்.

"என்னவாம் தக்காளிக்கு?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"ஒண்ணுமில்லாததுக்கு ஏன் போனைக் கவுக்குற? படி."

மருமகள் கைப்பேசியை நிமிர்த்தினாள். "'பாட்டி, உக்காந்த எடத்துல பேசுறது சுலபம். நீங்க எந்திரிச்சுக் காட்டுங்க பாக்கலாம்.'"

தொலைக்காட்சியில் யாரோ சோப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள். விசிலம்மா அதை முழுதாகப் பார்த்தார்.

"பாட்டியாமா?" என்றார் கடைசியில். "அந்தத் துண்ட எடு."

"எந்தத் துண்டு?"

"வாக்கர்ல கெடக்கே, அது."

மருமகள் துண்டை எடுத்துவிட்டு, அவர் இடுப்பில் விழாமல் பிடித்துக்கொள்ளப் பிசியோ விட்டுப்போன பட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல் இருந்தாளே, அது கெட்டிக்காரத்தனம். விசிலம்மா நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். ஆபரேஷன் ஆன காலை முன்னால் நீட்டி, நாற்காலியின் கைப்பிடிகளை அழுத்தி எம்பினார். தொப்பென்று பழைய இடத்திலேயே விழுந்தார். பணிமனையில் கற்ற ஒரு வார்த்தை வெளியே வந்தது. மருமகள் அதுவரை கேட்டறியாத வார்த்தை.

மறுபடி எம்பி வாக்கரைப் பற்றிக்கொண்டார். முழங்கால்கள் வெடவெடத்தன. மூச்சு இரைத்தது. ஆனால் இப்போது தொலைக்காட்சிப் பெட்டி அவர் கண்ணுக்குக் கீழே இருந்தது.

"எழுதும்மா."

"இப்பவா அத்தை?"

"பின்ன, உக்காந்தப்புறமா? எந்திரிச்சாச்சு. சிரிப்பு வரல. மூக்கு ஒழுகுது. வாயில வந்தத இங்க போட முடியாது. அவ்வளவுதான்."

மருமகள் ஒரு கையில் பட்டையும் மறு கையில் கைப்பேசியுமாகக் கட்டைவிரலால் தட்டினாள். அவள் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தது. "நட்சத்திரம் எப்பவும் போல ஒண்ணுதானே?"

"ரெண்டு போடு. விழுந்த வரைக்கும் சரியாத்தான் காட்டுனாங்க."

சொல்லிவிட்டு, வாக்கரை இறுக்கிப் பிடித்திருந்த வலது கையை மெல்ல எடுத்து, நெற்றியில் கலைந்து விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.