சாம்பலில் ஒரு தடம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் குழப்பம்தான். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஆள் முன்னால் நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு ஐப்பசி அமாவாசை செத்தவர்களுடைய நாள். கீழே எல்லாரும் தீபாவளிப் பட்டாசு வெடிக்கிற அதே சமயம்தான். நாங்கள் வாசற்படிக்கு உள்பக்கம் சலித்த சாம்பலைப் பரப்புவோம். செத்தவர் உடுத்திய துணியைப் பக்கத்தில் மடித்து வைத்து, சாமைச் சோறு படைத்து, கதவைச் சாத்தாமல் படுத்துவிடுவோம். விடிந்ததும் சாம்பலில் தடம் விழுந்திருக்கிறதா என்று பார்ப்போம்.

இது எப்படி ஆரம்பித்தது என்று சரியாகத் தெரியாது. முதன்முதலில் மலையேறி வந்தவர்கள் தங்கள் செத்தவர்களைக் கீழேயே புதைத்துவிட்டு வந்தார்களாம். அவர்கள் வழி தேடி வந்து சேர்வதற்காக ஒரு நாளை ஒதுக்கினார்களாம். என் சின்ன வயதில் அன்று ஊரே வாய் பேசாது. இப்போது பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிற பையன்கள் ரப்பர் முகமூடி மாட்டிக்கொண்டு தெருவில் கத்துகிறார்கள், செல்போனில் படம் பிடிக்கிறார்கள். ஒருவன் என் முதுகுக்குப் பின்னால் வந்து கத்திவிட்டு, "இன்னா சித்தப்பா, பயந்துட்டியா?" என்றான். கோபம் வரவில்லை. ஆனால் பேய் என்ற சொல்லை நாங்கள் முன்பெல்லாம் அதிகம் சொன்னதில்லை. வீட்டில் செத்தவர்கள் உள்ளே இருக்கிறவர்கள். வழியில் செத்தவர்கள் வெளியே இருக்கிறவர்கள். அவ்வளவுதான்.

என் மனைவி வெளியே இருக்கிறவள்.

இரண்டாவது பிரசவம். டோலி கட்டி நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம். அமிர்திப் பக்கம் போகிற பாதை பிரியும் இடத்தில், "கொஞ்சம் எறக்கி வெய்யுங்க, முடியல" என்றாள். இறக்கி வைத்தோம். மறுபடி தூக்கும்போது அவள் இல்லை. வயிற்றில் இருந்ததும் இல்லை.

வெளியே இருக்கிறவர்களுக்கு மூன்று வருஷம் அவர்கள் செத்த இடத்திலேயே சோறு வைக்க வேண்டும். நான்காம் வருஷம் வீட்டுக்குள் அழைக்கலாம். அதற்கு இரண்டு வேண்டும். அவர் உடுத்திய கிழியாத துணி ஒன்று. அவருக்குப் பிறந்த பிள்ளை வாசலில் நின்று கூப்பிடும் குரல் ஒன்று. உள்ளே வந்துவிட்டால் பிறகு பாதையில் சோறு கிடையாது, வீட்டில்தான். நான்காம் வருஷம் தவறினால் அப்புறம் அழைப்பே கிடையாது.

அவளுடைய நீலச் சேலை ஒன்றை இதற்காகவே பெட்டியில் வைத்திருந்தேன். மற்றதெல்லாம் அவளோடு போய்விட்டது. அந்த நான்காம் வருஷம் மகளுக்கு ஒன்பது வயது. ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விடுதியில் இருந்தாள்.

நான்காம் வருஷ அமாவாசைக்குக் கொஞ்ச நாள் முன்னால் டீச்சர் போன் செய்தார்கள். "லீவுக்கு முந்தின நாள் ஸ்கூல்ல ஹாலோவீன் வெச்சிருக்கோங்க. செத்தவங்க திரும்பி வர்ற நாள். பாப்பாவுக்கு வீட்ல இருந்து பழைய சேலை ஒண்ணு குடுத்து அனுப்புங்க."

செத்தவர்கள் திரும்பி வருகிற நாள் என்பது மட்டும்தான் என் காதில் நின்றது. அங்கேயும் நம்மைப் போல அழைக்கிறார்கள், தாயில்லாத பிள்ளை என்பதால் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போனில் எனக்கு நாக்கு எழும்பாது. "சரிங்க" என்றேன். பஸ் கண்டக்டரிடம் சேலையைக் கொடுத்தனுப்பினேன்.

லீவுக்கு அவளைக் கூட்டிவரப் போனபோது கேட்டருகே கண்ணும் வாயும் வெட்டிய பூசணிக்காய் வைத்திருந்தது. பிள்ளைகள் முகத்தில் கறுப்புச் சாயம். என் மகள் அந்தச் சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஓடி வந்தாள். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. முந்தானை நார்நாராகக் கிழிந்து, மேலெல்லாம் சிவப்புப் பெயின்ட்.

"அப்பா, நான் யாரு சொல்லு! பேய்ப்பா! எனக்குத்தான் ஃபர்ஸ்ட் பிரைஸ்!"

டீச்சர் நல்லவர்கள். நான் முழிப்பதைப் பார்த்து விளக்கம் சொன்னார்கள். "வெளிநாட்டுல ரொம்பப் பழைய பண்டிகைங்க. அந்தக் காலத்துல செத்தவங்களுக்குச் சாப்பாடு வெப்பாங்களாம். அப்புறம் கெட்ட ஆவி அடையாளம் கண்டுக்கக் கூடாதுன்னு வேஷம் போட்டாங்களாம். இப்ப பசங்க மிட்டாய் வாங்குற நாளாயிடுச்சு." பிறகு, "சேலை பழசுதானுங்களே?" என்றார்கள்.

"பழசுதாங்க" என்றேன்.

அங்கேயும் ஒரு காலத்தில் கூப்பிட்டுத்தான் இருக்கிறார்கள். எப்போது கூப்பிடுவதை விட்டுவிட்டுப் பயமுறுத்த ஆரம்பித்தார்கள் என்று கேட்க ஆசை. கேட்கவில்லை. பஸ்ஸில், "இது யாரு சேலைப்பா?" என்றாள் மகள். "வூட்ல கெடந்தது" என்றேன்.

அழைப்பை நடத்தித் தர வேண்டியவர் ஊர் மூப்பர். வீட்டுக்கு வந்து சேலையை விரித்துப் பார்த்தார்.

"இன்னாடா இது, சேலையா மீன் வலையா? வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டா முத்து உதுந்துடுமா உனுக்கு? பொண்டாட்டி சேலையப் பேய் வேஷத்துக்குக் குடுத்த ஆளு ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா." சேலையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "கிழிஞ்ச துணிக்கு வரமாட்டா. நான் வந்து பிரயோசனமில்ல. வுட்டுடு."

அவர் போனதும் திரும்பிப் பார்த்தேன். கதவோரம் மகள் நின்றிருந்தாள்.

"அது அம்மா சேலையா?"

நான் சேலையை மடிக்க ஆரம்பித்தேன்.

"என்னாலதான் அம்மா வரமாட்டாளா?"

"மூப்பருக்கு இன்னா தெரியும்? நாம கூப்புடலாம் வா" என்றேன்.

இரண்டு நாள் அவள் சேலையைத் துவைத்துக்கொண்டே இருந்தாள். சிவப்பு போகவில்லை. ஊசி நூல் எடுத்து ஓட்டைகளைத் தைத்தாள். அமாவாசையன்று சாயங்காலம் நான் சாம்பலைப் பரப்பினேன். மகள் வாசலில் நின்று கூப்பிட்டாள். "அம்மா, உள்ள வாம்மா. சேலைய நான்தாம்மா கிழிச்சிட்டேன். தெரியாமப் பண்ணிட்டேன். வாம்மா."

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். சாம்பல் நான் பரப்பியபடியே கிடந்தது. ஒரு எறும்பு போன கோடுகூட இல்லை. உள்ளே மகள் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. குனிந்து, கையை மூடிப் பக்கவாட்டில் சாம்பலில் அழுத்தினேன். மேலே ஐந்து விரல் நுனியை வைத்தேன். ஒரு பாதம் ஆனது. பக்கத்தில் இன்னொன்று.

மகள் எழுந்து வந்து வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தாள். "அம்மா காலு இவ்ளோ சின்னதாப்பா?"

"ரொம்ப தூரம் நடந்து வர்றாங்கல்ல. தேஞ்சிடும்."

சிரித்தாள். நான்கு நாளில் அன்றுதான் சிரித்தாள். நன்றாகச் சாப்பிட்டாள். லீவு முடிந்து சந்தோஷமாகப் போனாள்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் செய்தேன். ஆனால் அதன் பிறகுதான் உறைத்தது. அம்மா உள்ளே வந்துவிட்டாள் என்று பிள்ளை நம்பும்போது நான் எப்படிப் பாதைக்குச் சோறு கொண்டுபோவது? ஒவ்வொரு ஐப்பசி அமாவாசைக்கும் மகள் வீட்டுக்கு வருவாள், தன் கையால் உள்ளே படைப்பாள். நானும் கும்பிடுவேன். கும்பிடும்போது பாதை பிரியும் இடம்தான் கண்ணில் நிற்கும். மூன்று வருஷம் அங்கே சோறு போனது. அப்புறம் ஆறு வருஷம் யாரும் போகவில்லை. உள்ளேயும் இல்லாமல், வெளியேயும் சோறில்லாமல் வைத்திருந்தேன் அவளை.

மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பு. இந்த வருஷம் லீவுக்கு வரவில்லை, தோழி வீட்டில் தீபாவளி. "அம்மாவுக்கு மறக்காம படைச்சிடுப்பா" என்று போனில் சொன்னாள். சரி என்றேன்.

நேற்று வெளிச்சம் இருக்கும்போதே சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். டோலியை இறக்கிய இடத்தில் இலையை விரித்து வைத்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. அவளிடம்கூட நான் அதிகம் பேசியதில்லை. "பசிச்சிருக்கும், சாப்புடு" என்று மட்டும் சொன்னேன்.

யாருக்கென்று இல்லாமல்தான் எழுத ஆரம்பித்தேன், மகளிடம் இதை நேரில் சொல்லத் தைரியமில்லை. அவள் வந்தால் இந்த நோட்டைக் கையில் கொடுத்துவிட்டு, கொல்லைக்குப் போய் நிற்பதாக இருக்கிறேன்.

ஐப்பசி ஐந்தாம் தேதி, புதன்கிழமை.