ஃபியூஸில் போட்ட தடித்த கம்பி

என் கணவருக்கு மின்நிலையத்தில் எலக்ட்ரீஷியன் வேலை. அன்று அவர் காலை ஷிப்டில் இருந்தார். குவார்ட்டர்ஸ் சமையலறையில் கிரைண்டர் ஓட, பக்கத்திலேயே ஹீட்டர் அடுப்பில் பால் வைத்தேன். சுவிட்ச் போர்டு புகைந்து, அருகே தொங்கிய துணிப்பை பற்றிக்கொண்டது. என் அலறல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு அக்காதான் மெயினை அணைத்தார். காலில் விழாத குறையாக நன்றி சொன்னேன்.

ஷிப்டு முடிந்து வந்தவர் ஃபியூஸ் கட்டையை உருவினார். உள்ளே தடித்த செம்புக் கம்பி இருந்தது. மெல்லிய கம்பியாக இருந்திருந்தால் உருகி, கரண்டை அப்போதே நிறுத்தியிருக்கும்.

“யாரு போட்டது?” என்று கேட்டேன்.

“நான்தான். ஃபியூஸ் போவுது, போவுதுன்னு நீதான சொல்லிக்கினு இருந்த?”

சரிசெய்துவிட்டேன் என்று அவர் சொன்னதை நம்பித்தான் நான் கிரைண்டரையும் அடுப்பையும் சேர்த்துப் போட்டேன்.

“உசுரோட இருக்க. அத நெனச்சி சந்தோஷப்படு” என்றார்.

சந்தோஷம்தான். கருகிய சுவரைப் பார்க்கும்போதெல்லாம் உயிரோடு இருப்பதே பெரிது என்று தோன்றுகிறது. ஆனால் மின்நிலையத்தில் முகம் தெரியாத ஒருவர் லைனில் கை வைத்தாலும், ‘ஆள் வேலை செய்கிறார்’ என்ற பலகையை, யாரும் கரண்ட் போட்டுவிடாதபடி, சுவிட்சில் மாட்டாமல் இவர் நகரமாட்டார்.

வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தது நான்.